பந்தின் வேகமும் மகளின் கொப்பியும்

உடலும் உள்ளமும் – மாதத் தொடர்



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை என ஊவாவின் எந்தத் தோட்டத்துக்குச் சென்றாலும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு துண்டு சமதரை கிடைத்தால் அங்கே கிரிக்கெட் நடக்கும். டெனிஸ் பந்து, பலகையில் செதுக்கிய துடுப்பு, விக்கெட்டுக்கு மூன்று தடிகள். ஆடுவோர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பந்து தேயிலைச் சரிவில் உருண்டு போனால் ஓடிப்போய் எடுத்து எறிவது தங்கைமார். அண்ணன் எவ்வளவு வேகமாகப் பந்து போடுகிறான் என்று ஊரே பேசும். தங்கை கீழே இருந்து எறிந்த பந்து எவ்வளவு வேகமாக வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இம்மாதம் அந்தத் தங்கையைப் பற்றிப் பேசுவோம். பெண்பிள்ளையின் எறிவேகத்தை எப்படி அளப்பது, அதை எப்படி வளர்ப்பது, வளர்க்கும்போது அவளது தோளையும் முழங்கையையும் எப்படிக் காப்பாற்றுவது என்பவற்றைப் பார்ப்போம்.

“பொம்பளைப் புள்ளைக்கு இது எதுக்கு? கையைக் காலை ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கிறது?” என்று கேட்கும் தாய்மார் உண்டு. அந்தக் கேள்வியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அங்கே அவர்கள் போரைக் கண்டார்கள். 2009 இல் முகாம்களையும் கண்டார்கள். உங்களில் எத்தனையோ பேருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது என்பது ஓடிய வயது, பதுங்குகுழியில் இருந்த வயது. விளையாடும் வயதில் விளையாடக் கிடைக்காத தாய், மகள் மைதானத்துக்குப் போகக் கேட்கும்போது தயங்குவது இயல்பு. அந்தத் தாய்க்கு உதவக்கூடிய விபரங்களையே இங்கே தருகின்றோம்.

பெண்களின் எறிவேகத்தை அளந்த விளையாட்டு

எமது நாட்டில் மென்பந்து என்றால் டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டைத்தான் நினைப்போம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ‘சொப்ட்போல்’ என்று சொல்வது வேறொரு விளையாட்டு. 1887 இல் சிக்காகோ நகரில், பேஸ்போல் விளையாட்டை மண்டபத்துக்குள் ஆடும் முயற்சியாக அது தொடங்கியது. பெயரில்தான் ‘சொப்ட்’ இருக்கின்றது. இன்று அந்தப் பந்து மென்மையானது அல்ல. சுற்றளவு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், நிறை 180 முதல் 200 கிராம் வரை. எறிபவர் கையைக் காற்றாடிபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்கு அருகில் கீழ்க்கையாகப் பந்தை விடுவார். வளர்ந்த பெண்களுக்கான எறிதூரம் 43 அடி, அதாவது ஏறத்தாழ 13 மீற்றர்.

பெண்பிள்ளைகளின் எறிவேகத்தைச் சிறு வயது முதலே அளந்து, குறித்து, ஆராய்ந்த விளையாட்டுகளில் இது முக்கியமானது. 2012 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மோனிக்கா அபொட் மணிக்கு 77 மைல், அதாவது ஏறத்தாழ 124 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தமை உலக சாதனையாகப் பதியப்பட்டது. எறிபவருக்கும் துடுப்பாடுபவருக்கும் இடையிலான தூரம் குறைவு என்பதால், மணிக்கு 110 கிலோமீற்றரில் வரும் பந்துகூட அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும்.

கிரிக்கெட்டிலும் பெண்களின் வேகம் இப்போது அளக்கப்படுகின்றது. தென்னாபிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில் 2024 மார்ச் மாதத்தில் இந்தியாவின் மகளிர் பிரீமியர் லீக் போட்டியொன்றில் வீசிய பந்து மணிக்கு 132.1 கிலோமீற்றர் எனப் பதிவாகியது. அவர் நெட்டையானவர் அல்லர். அதே ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளையில் எமது நாட்டு மகளிர் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் தோட்டங்களிலும் இருக்கின்றார்கள்.

டெனிஸ் பந்தில் ஆடி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு லசித் மாலிங்க நல்ல பதில். காலிக்கு அருகில் ரத்கம என்ற கரையோர ஊரில் டெனிஸ் பந்தில் வீசிப் பழகிய கைதான் பின்னர் உலகத் துடுப்பாட்ட வீரர்களைத் திணற வைத்தது.

அளப்பது எப்படி?

தொலைக்காட்சியில் காட்டும் வேகத்தை ராடார் கருவி அளக்கின்றது. பஸ் ஹோர்ன் அடித்தபடி உங்களை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகவும், கடந்து போகும்போது தடிப்பாகவும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். வேகம் கூடினால் அந்த வித்தியாசமும் கூடும். ராடார் கருவி ஒலிக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்புகின்றது. பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைச் சொல்கின்றது. வீதியில் பொலிஸார் வாகனங்களை அளப்பதும் இப்படித்தான். பந்து வரும் நேர்கோட்டில் நின்று அளந்தால் சரியாகக் காட்டும். பக்கவாட்டில் நின்றால் குறைவாகக் காட்டும்.

அந்தக் கருவி எமது பாடசாலைகளுக்கு எட்டாத விலை. ஆனால் இன்று லயத்து வீட்டிலும் ஒரு கையடக்கத் தொலைபேசி இருக்கின்றது. அது போதும்.

1. ஒரு சுவரைத் தெரிவு செய்யுங்கள். பாடசாலைச் சுவரோ, வாசிகசாலைச் சுவரோ, யன்னல் இல்லாத எந்தச் சுவரும் சரி. சுவரில் இருந்து சரியாக 12 மீற்றரில் ஒரு கோடு கீறுங்கள். நாடா இல்லாவிட்டால், தையற்காரரிடம் அளந்து வாங்கிய 12 மீற்றர் கயிறு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. பக்கவாட்டில், பிள்ளையின் கையும் சுவரும் ஒரே படத்தில் தெரியும் தூரத்தில், தொலைபேசியை ஒரு கல்லின் மேல் அசையாமல் வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம்.

3. பிள்ளை கோட்டில் முன்காலை வைத்துச் சுவரை நோக்கி எறியட்டும். வீடியோ எடுங்கள்.

4. வீடியோ என்பது அடுத்தடுத்து எடுத்த படங்களே. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். பல தொலைபேசிகள் விநாடிக்கு 30 அல்லது 60 பிரேம் எடுக்கும். தொலைபேசியின் கெமரா அமைப்பில் அந்த எண் இருக்கும். வீட்டில் பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துத் தந்துவிடுவார். பந்து விரலை விட்ட பிரேமில் இருந்து சுவரில் பட்ட பிரேம் வரை எத்தனை என்று எண்ணுங்கள்.

5. 60 பிரேம் எடுக்கும் தொலைபேசி என்றால் 2592 ஐ அந்த எண்ணால் வகுங்கள். 30 பிரேம் என்றால் 1296 ஐ வகுங்கள். வரும் விடை மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது.

உதாரணமாக, 60 பிரேம் தொலைபேசியில் 48 பிரேம் எண்ணினால் 2592 ÷ 48 = 54. அதாவது மணிக்கு 54 கிலோமீற்றர். 45 பிரேமில் சுவரைத் தொட்டால் 57.6. குறைந்த பிரேம் என்றால் கூடிய வேகம்.

கை கடிகாரமோ நிறுத்தக் கடிகாரமோ வைத்துக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டாம். பந்து போய்ச் சேரும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. எமது விரல் கடிகாரத்தை அழுத்தச் சுணங்கும் நேரமே கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த முறையிலும் சிறு பிழை உண்டு. ஒரு பிரேம் கூடக் குறைய எண்ணினால் மேற்சொன்ன உதாரணத்தில் 1 கிலோமீற்றர் மாறும். இரு முனையிலும் தவறினால் 2 கிலோமீற்றர். 30 பிரேம் தொலைபேசி என்றால் அதன் இரட்டிப்பு. ஆகவே போன மாதம் 54, இந்த மாதம் 53 என்றால் மகளின் வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அது அளவையின் பிழைக்குள் அடங்கும். 54 ஆக இருந்தது மூன்று மாதத்தில் 59 ஆனால் அது உண்மையான முன்னேற்றம்.

ஒவ்வொரு தடவையும் ஐந்து பந்து எறிய வையுங்கள். ஐந்து விடைகளையும் சிறியதில் இருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகக் கூடியதைக் குறித்தால் பிள்ளை அந்த ஒன்றுக்காகவே உடலை முறுக்கி எறியப் பழகிவிடுவாள். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். ராடார் காட்டும் இலக்கத்தைவிட உங்கள் இலக்கம் சற்றுக் குறைவாகவே வரும். ராடார் கையை விட்ட கணத்து வேகத்தைப் பிடிக்கின்றது. நாம் அளப்பது வழியெல்லாம் சேர்ந்த சராசரி. ஆகவே தொலைக்காட்சியில் வரும் இலக்கத்தோடு ஒப்பிடாமல், அவளது போன இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

தொலைபேசியே இல்லை என்றால் தூர எறிதல் இருக்கின்றது. சமதரையில் ஐந்து பந்து எறிந்து விழுந்த தூரத்தை அளந்து நடுவில் இருப்பதை எழுதுங்கள். எமது தோட்டங்களில் ஒரு கவனம் தேவை. பள்ளத்தை நோக்கி எறிந்தால் தூரம் பொய்யாகக் கூடும்.

வேகம் கையில் இருந்து மட்டும் வருவதில்லை

“நல்லா கையை வீசி எறி” என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். உண்மையில் வேகம் தரையில் தொடங்குகின்றது. பின்கால் தரையை உதைக்கின்றது. முன்கால் எட்டி ஊன்றுகின்றது. இடுப்பு திரும்புகின்றது. அதன் பின் நெஞ்சு, தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. சாட்டையின் பிடியில் தொடங்கிய அசைவு நுனிக்குப் போகப் போக வேகம் கூடுவதைப்போல, ஒவ்வொரு பாகமும் தன் வேகத்தை அடுத்த பாகத்துக்குக் கொடுக்கின்றது. கால் வேலை செய்யாவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் தோளில் விழும்.

பெண்பிள்ளைகள் பலர் எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்னே வைப்பார்கள், அல்லது இரு கால்களையும் ஒட்டி வைத்து நேரே பார்த்தபடி எறிவார்கள். அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே காரணம். “பொம்பளை மாதிரி எறியிறான்” என்று பையன்களைக் கேலி செய்வது எமது ஊரிலும் உண்டு. அவுஸ்திரேலியாவின் பழங்குடிப் பிள்ளைகளிடம் செய்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ஆண், பெண் பிள்ளைகளின் எறிவேக இடைவெளி அமெரிக்கப் பிள்ளைகளிடம் உள்ளதைவிடக் குறைவு என்று கண்டது. அந்தச் சமூகத்தில் பெண்களுக்கும் எறிந்து பழகிய மரபு உண்டு. பழக்கம் கிடைத்தால் இடைவெளி சுருங்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பழக்குவதற்கு எளிய ஒழுங்கு ஒன்று:

முதல் பத்து நிமிடம் மெதுவான ஓட்டம், கை, தோள், இடுப்பு அசைவுகள். குளிர் காலையில் உடல் சூடாகாமல் ஒரு பந்துகூட வேகமாக எறியக் கூடாது.

அடுத்து, 5 மீற்றரில் இருவர் எதிரெதிரே நின்று மெதுவாக எறிதல். பக்கவாட்டில் நின்று, வலக்கைப் பிள்ளை இடக்காலை முன்னே எட்டி வைக்கப் பழக வேண்டும். இடுப்பு முதலில் திரும்புகின்றதா என்று பாருங்கள்.

பின்னர் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுதல். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் கீறி அதை நோக்கி எறிதல். பத்தில் ஆறு பந்தாவது வட்டத்தில் பட்ட பிறகே வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும். வேகம் ஒன்றே எல்லாம் அல்ல என்பதற்கு மலையகத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. கண்டியில் பிறந்த முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வேகத்தால் எடுக்கவில்லை.

கடைசியாக, முழு வேகத்தில் சில பந்துகள். அதன் பின் நிறுத்திவிட வேண்டும்.

இதை வாரத்தில் மூன்று நாட்கள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்தால் போதும். மற்றைய நாட்களில் கயிறடித்தல், படியேறுதல், குந்தி எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் ஆகியன கால், முதுகு, தோள்களுக்கு உறுதி தரும். கல்லை எறிந்து கையைப் பலப்படுத்தலாம் என்று சிலர் நினைக்கின்றார்கள். வளரும் பிள்ளைக்கு அது முழங்கையைக் கெடுக்கும். பாரமான பந்தும் வேண்டாம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழை அதிகம். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் துணிப்பந்து செய்து மணிக்கட்டு அசைவையும் கால் வைப்பையும் பழகலாம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. கடும் மழைக்குப் பின் சரிவின் அடியில் உள்ள மைதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

எத்தனை பந்து எறியலாம்?

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுக்கிகோ உவேனோ இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகளை எறிந்தார். ஜப்பான் அமெரிக்காவை 3–1 என வென்று தங்கம் பெற்றது. 2021 இல் டோக்கியோவிலும், 39 வயதில், மீண்டும் தங்கம் பெற்றார். அவரைப் பாராட்டுவோம். ஆனால் பிள்ளைகளை அவ்வாறு எறிய விடக் கூடாது. பீஜிங்கில் அவர் 26 வயதுப் பெண். அவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் வைத்தியக் குழுவும் இருந்தன.

கீழ்க்கையாக எறிந்தால் தோளுக்குப் பாதிப்பு இல்லை என்று நீண்ட காலம் நம்பினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, சுற்றி எறியும் கணத்தில் தோள் மூட்டை இழுக்கும் விசை எறிபவரின் உடல் நிறைக்குக் கிட்ட வருவதைக் கண்டார்கள். 40 கிலோ நிறையுள்ள பிள்ளை ஒவ்வொரு வேகப் பந்துக்கும் ஒரு கணம் 40 கிலோ மூட்டையைத் தோளில் தொங்கவிடுவதைப்போல அது. மேற்கையாக எறியும்போதும் பாரம் குறைவில்லை.

பெண்பிள்ளைகள் வேகமாக வளரும் 11 முதல் 14 வரையான வயதில் எலும்பின் வளர்ச்சி முனைகள் இன்னும் முற்றியிருக்காது. அமெரிக்காவில் விளையாட்டுக் காய வைத்தியர்கள் சொப்ட்போல் பிள்ளைகளுக்குத் தந்த வழிகாட்டலில் ஓர் ஆட்டத்துக்கு 8–10 வயதில் 50, 10–12 வயதில் 65, 13–14 வயதில் 80, 15 வயதுக்கு மேல் 100 பந்துகள் என எல்லை வகுக்கப்பட்டது. அது நல்ல உணவும் பயிற்றுநரும் உள்ள பிள்ளைகளுக்கான எல்லை. எமது பிள்ளைகளுக்கு அதற்கும் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது.

இதில் நாம் மறந்துவிடும் ஒரு கணக்கு உண்டு. தோட்டத்துப் பிள்ளை மைதானத்துக்கு வரும் முன்பே பீலியில் தண்ணீர் எடுத்திருப்பாள், விறகு சுமந்திருப்பாள், தம்பியை இடுப்பில் தூக்கியிருப்பாள். அதுவும் அதே தோள்தான். விறகு சுமந்த நாளில் எறிதலைப் பாதியாகக் குறையுங்கள். குடத்தை ஒரே பக்கத்தில் எடுக்காமல் பக்கம் மாற்றி எடுக்கப் பழக்குங்கள். வீட்டு வேலையில் அண்ணனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். தங்கையின் வேகம் கூட அதுவும் ஒரு வழி.

தோளிலோ முழங்கையிலோ நோ வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். தசை அலுப்பு இரண்டு நாளில் போகும். மூட்டுக்குள் குத்தும் நோ, இரவில் எழுப்பும் நோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமை என்பன இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தைலம் பூசி மறுநாள் எறிய வைக்க வேண்டாம்.

சாப்பாடும் மாதவிடாயும்

எறிவதற்குப் பலம் சாப்பாட்டில் இருந்து வருகின்றது. ரொட்டியும் சம்பலும் தேநீரும் மட்டும் சாப்பிட்டு வரும் பிள்ளை அரை மணியில் களைத்துவிடுவாள். பருப்பு, கடலை, நெத்தலி, முட்டை, முருங்கைக் கீரை, வல்லாரை என வீட்டுக்கு இயன்றதைச் சேருங்கள். தேயிலைக்கு நடுவில் வாழும் எமக்கு ஒரு விடயம் முக்கியம். உணவோடு குடிக்கும் தேநீர், உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடிக்கட்டும். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். வெளிறிய கண்மடல், படியேறும்போது மூச்சு வாங்குதல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்விப்பது நல்லது.

மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா என்று கேட்கின்றார்கள். பிள்ளைக்கு இயலுமாக இருந்தால் தாராளமாக விளையாடலாம். அதனால் கெடுதி இல்லை. ஆனால் ஒழுங்காக வந்த மாதவிடாய் பயிற்சி தொடங்கிய பின் மூன்று மாதம் வராமல் போனால், பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

மைதானம் பாதுகாப்பாக இருக்கட்டும்

பயிற்சியின்போது ஒரு தாயாவது மைதானத்தில் இருக்க வேண்டும். முறை வைத்து வாருங்கள். பயிற்றுநர் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்த வேண்டுமானால் மற்றவர்கள் முன்னிலையில், பிள்ளையிடம் கேட்டுச் செய்யட்டும். வேகம் அளக்க எடுத்த வீடியோ தாயின் தொலைபேசியில் எடுக்கப்பட்டு, எண்ணி முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். அது முகநூலுக்குப் போகத் தேவையில்லை. எவராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

போரைக் கண்ட வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். சுவரில் பந்து மோதும் சத்தம், திடீர்க் கூச்சல் சில தாய்மாரையும் பிள்ளைகளையும் நடுங்க வைக்கும். அவர்களைக் கோழை என்று சொல்ல வேண்டாம். முதல் சில நாட்கள் தூர இருந்து பார்க்கட்டும். பிறகு துணிப்பந்தில் தொடங்கட்டும். சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால், அதுவும் தன் கையால் வரும் சத்தம் என்றால், மெல்ல மெல்லப் பயம் தணிவதுண்டு. தணியாவிட்டால் உளநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

தொடங்க விரும்புவோர் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியையிடமும், பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். எட்டுப் பத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொண்டு தாய்மார் சிலர் ஒன்றாகப் போனால், தனியே போவதைவிடப் பதில் விரைவில் கிடைக்கும்.

அவளுடைய கணக்கு

தோட்டத்துப் பெண்ணுக்கு அளவை புதிதல்ல. பின்னேரம் தராசுக்கு முன் வரிசையில் நின்று கொழுந்து நிறுத்து, தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்து, குறைந்தால் அரைப் பேர் என்று கேட்டு வீடு திரும்பிய அனுபவம் தலைமுறை தலைமுறையாக உண்டு. தராசு வேறொருவர் கையில். எழுதும் புத்தகமும் வேறொருவர் கையில். அதனால்தான் “மகளையும் அளக்கப் போகிறீர்களா?” என்று தாய்மார் முகம் சுழிக்கலாம்.

ஆகவே இந்தக் கணக்கு மகளின் கையிலேயே இருக்கட்டும். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதில் ஐந்து நிரல்: திகதி, ஐந்து எறிதல்களில் நடுவில் வந்த வேகம், வட்டத்தில் பட்ட பந்துகள், மொத்தம் எறிந்த பந்துகள், நோ இருந்ததா இல்லையா. அவளே எண்ணி, அவளே வகுத்து, அவளே எழுதட்டும். வகுத்தல் கணக்கும் கூடவே வரும். மற்றப் பிள்ளையின் இலக்கத்தைப் பக்கத்தில் எழுத வேண்டாம். சுவரில் ஒட்டவும் வேண்டாம். அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது யாராவது அவளைத் தட்டிக்கழித்தால், “என் வேகம் இவ்வளவு, ஆறு மாதத்துக்கு முன் இவ்வளவு” என்று அவள் கொப்பியைத் திறந்து காட்டலாம்.

எல்லாப் பிள்ளைகளும் தேசிய அணிக்குப் போகப் போவதில்லை. ஆனால் எவ்வளவு செய்தோம், எவ்வளவு வளர்ந்தோம், எப்போது ஓய்வு வேண்டும் என்பதைத் தானே எழுதிப் பழகிய பிள்ளை, நாளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாலும், மலைக்குப் போனாலும், பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், தன் உழைப்பை இன்னொருவர் பிழையாக எழுதும்போது கேள்வி கேட்பாள்.

இந்த மாதம் ஒரு கயிறு, ஒரு டெனிஸ் பந்து, ஒரு கொப்பி. இவ்வளவும் போதும். முதல் பக்கத்தில் என்ன இலக்கம் வந்தாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள். முடிந்தால் தாயும் ஒரு பந்து எறிந்து பார்க்கலாம்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.